முடிப்பதற்கு முன் ஊருக்குக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சேலம் மாவட்டக் கல்லூரி மாணவர்கள் எடுக்கும் குறும்படங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த செய்தியைப் படித்தேன். கேமரா வாடகை, நடிக்க ஆள் கிடைக்காமை, எடிட்டிங் செய்யத் தகுந்த கணினி இல்லாமை என்று மாணவர்களின் சிரமங்களை அச்செய்தி அக்கறையோடு எடுத்துச் சொல்லியிருந்தது. அவை யாவும் உண்மை. ஆயினும், அவற்றைவிடப் பெரியது என்று நான் கருதும் ஒரு குறை, பெரிய செலவின்றித் தீர்த்துக்கொள்ளக்கூடிய குறை, அதில் இடம்பெறவில்லை. படத்தை முடித்துப் போட்டிக்கு அனுப்புவதற்கு முன்பு, அதைப் பற்றி எதுவும் அறியாத மனிதர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்களுக்கு என்ன விளங்கியது, எது விளங்கவில்லை என்று கேட்டுத் திருத்தும் வழக்கம் நான் கண்ட மாணவர்களிடம் இல்லை. அதற்கு நேரம் ஒதுக்கும் கல்லூரியையும் நான் காணவில்லை. இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

நான் 31 ஆண்டுகள் சேலத்துத் திரையரங்குகளில் ஆபரேட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கார்பன் குச்சியை எரித்து ஒளி உண்டாக்கிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, பிலிம் மறைந்து டிஜிட்டல் வந்த பிறகு வெளியே வந்தேன். ஆபரேட்டர் அறையின் சுவரில் ஒளி செல்ல ஒரு துளையும், நாங்கள் பார்ப்பதற்கு ஒரு துளையும் இருக்கும். 35 மில்லிமீட்டர் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். சுருள் முடியப்போவதை அறிவிக்கும் சிறு புள்ளி திரையின் வலது மேல் மூலையில் தோன்றும் நேரத்தில் மட்டும் நான் திரையைப் பார்த்தாக வேண்டும். மற்ற நேரமெல்லாம் நான் பார்த்தது திரையை அல்ல, அதற்கு முன்னால் வரிசை வரிசையாக இருந்த தலைகளை. ஒரு நாளைக்கு நான்கு காட்சி ஓட்டுகிறவனுக்குக் கதை முதல் நாளோடு தீர்ந்துவிடும். அதன் பிறகு, எந்தச் சுருளில் நாற்காலிகள் கிறீச்சிடும், எந்த இடத்தில் ஆண்கள் பீடி பற்றவைக்க எழுந்து போவார்கள், எந்த இடத்தில் அழும் கைக்குழந்தையைக்கூடத் தாய் தோளில் போட்டுக்கொண்டு கண்ணை எடுக்காமல் நிற்பாள் என்பதுதான் எங்களுக்குப் படம். காலைக் காட்சிக்கு வருகிறவர்களும் இரண்டாம் ஆட்டத்துக்கு வருகிறவர்களும் வேறு வேறு மனிதர்கள். ஆனாலும் அவர்கள் சலிக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. பார்வையாளரின் கவனம் தற்செயலாகச் சிதறுவதில்லை என்பதை நான் கற்றது அந்தத் துளையின் வழியாகத்தான்.

அந்தக் காலத்தில் இந்த அறிவு படத்துக்குப் பயன்பட்டது மிகவும் தாமதமாக. படம் வெளியாகி மூன்று நான்கு நாள்களில், இன்ன பாட்டுக்குக் கூட்டம் எழுந்து போகிறது என்ற செய்தி விநியோகஸ்தருக்குப் போகும். அவர்களிடமிருந்து ஆள் வருவார், அல்லது சொல் வரும். நான் வேலை செய்த ஓர் அரங்கில் நானே கத்தரிக்கோலால் ஒரு பாட்டு முழுவதையும் எடுத்து, முனைகளைச் சுரண்டி, பிலிம் சிமென்ட் என்னும் பசை வைத்து ஒட்டியிருக்கிறேன். மாதக்கணக்கில் உழைத்து எடுத்த ஒன்றை, எடுத்தவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில், ஓர் ஆபரேட்டர் இருட்டறையில் வெட்டி எறிய நேர்வது எவ்வளவு துயரமான காரியம் என்பது அன்றைக்கே என் மனதை அறுத்தது. இயக்குநரே பத்து நாள் முன்பு நூறு பேரோடு அமர்ந்து பார்த்திருந்தால், அந்தப் பாட்டு அங்கே இருந்திருக்காது. அல்லது கூட்டம் எழுந்து போகாத வேறோர் இடத்தில் இருந்திருக்கும்.

இதையெல்லாம் இப்போது எழுதத் தூண்டியது என் மகள் வயிற்றுப் பேத்தி எடுத்த குறும்படம். அவள் நகரில் ஒரு கல்லூரியில் விஸ்காம் என்னும் காட்சித் தொடர்பியல் படிக்கிறாள். நாங்கள் அம்மாப்பேட்டையில் நெசவுக் குடும்பம். நான் ஒருவன்தான் தறியை விட்டுத் திரையரங்குக்குப் போனவன். என் அண்ணன் இன்றும், தரைக்குழிக்குள் கால்களை விட்டு மிதித்து நெய்யும் குழித்தறியில், வெண்பட்டு வேட்டி நெய்கிறார். அவரையே நடிக்க வைத்து அவள் 14 நிமிடப் படம் ஒன்றை எடுத்தாள். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு முதியவர் தம் தறியை விற்கிறார். அதைப் பேத்தியிடம் சொல்லவில்லை. ஒரு மாலை அவள் வீடு திரும்பும்போது, பிறந்தது முதல் கேட்டு வந்த தறிச் சத்தம் வீட்டில் இல்லை. உள்ளே போகிறாள், தறி நின்ற இடத்தில் குழி மட்டும் இருக்கிறது. கதை அவ்வளவுதான். எழுதிக் காட்டியபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

முதல் திரையிடல் அவள் வகுப்பறையில், உடன் படிக்கும் மாணவர்கள் நடுவே நடந்தது. என்னையும் அழைத்திருந்தாள். முடிந்ததும் பலத்த கைதட்டல். இருவர் விசிலடித்தார்கள். நான் பழக்கதோஷத்தால் கடைசி வரிசையில் சுவரோரம் நின்று தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தின் இறுதிக் காட்சியில், அந்தக் குழி திரையில் தெரிந்த நொடியில், எந்தத் தலையும் அசையாமல் இருக்கவும் இல்லை, எந்த மூச்சும் நிற்கவும் இல்லை. கைதட்டல் தோழிக்காக எழுந்தது, படத்துக்காக எழவில்லை. வெளியே வந்து இரண்டு மாணவர்களிடம் தனித்தனியே, "கடைசியில் என்ன ஆயிற்று?" என்று கேட்டேன். ஒருவர், தாத்தா இறந்துவிட்டார் என்றார். மற்றவர், வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்றார். இருவருமே படம் மிக நன்றாக இருந்ததாகவும் சொன்னார்கள். "நன்றாக இருக்கிறதா?" என்ற கேள்விக்கு அன்புள்ளவர்கள் ஒரே விடைதான் சொல்வார்கள் என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எடுத்தவரைத் திருத்தும் விடை, "கதையை உங்கள் வாயால் சொல்லுங்கள்" என்று கேட்டால்தான் கிடைக்கும்.

போட்டிக்கு அனுப்பக் கடைசி நாள் நெருங்கியிருந்தது. கல்லூரியில் திருத்தத்துக்கென்று நாள் எதுவும் விடப்படவில்லை. பேத்தி இரண்டு நாள் அழுதுவிட்டு, அந்தப் போட்டியை விட்டுவிடுவது என்று தானாகவே முடிவு செய்தாள். அதை நான் மிகப் பெரிய துணிவாகக் கருதுகிறேன்.

அதன் பின் நடந்ததுதான் நான் எல்லா மாணவர்களுக்கும் சொல்ல விரும்புவது. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் எட்டு முழ வேட்டியைத் திரையாகக் கட்டி, வாடகைக்கு ஒரு புரொஜக்டர் எடுத்து, தெருவில் உள்ளவர்களை அழைத்தோம். தறிக்காரர்கள், பாவு ஓட்டும் (தறிக்கு நெடுக்கு நூல் ஆயத்தம் செய்யும்) பெண்கள், தேநீர்க் கடைக்காரர், ஓர் ஆட்டோ ஓட்டுநர், பள்ளிப் பிள்ளைகள் நால்வர் என்று 23 பேர் வந்தார்கள். கலர் கரெக்ஷனும் இறுதி இசையும் செய்யாத ரஃப் கட் என்னும் முதற்கட்டப் பதிப்பைத்தான் போட்டோம். ஏனெனில் எல்லாம் முடித்து மெருகேற்றிய படத்தை வெட்ட யாருக்கும் மனம் வராது. படத்தின் மூலையில் நிமிடமும் நொடியும் ஓடும்படி வைத்தோம். யார் எந்த இடத்தில் திரும்பினார், எங்கே கைபேசியை எடுத்தார் என்று நான் படிக்கட்டில் அமர்ந்து நேரத்தோடு குறித்துக்கொள்ள அது உதவியது. படத்தைப் பற்றி ஒரு சொல்கூட முன்னுரையாகப் பேசக்கூடாது என்று பேத்தியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். போட்டியில் நடுவருக்கு முன்னால் நின்று விளக்கம் சொல்ல அவளுக்கு வாய்ப்புக் கிடைக்காது. ஆகவே இங்கேயும் கிடைக்கக்கூடாது.

படம் முடிந்ததும் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்குவதற்கு முன்பே தாளும் பேனாவும் கொடுத்தோம். எழுதத் தயங்கியவர்களிடம் பேத்தியின் தோழிகள் தனித்தனியாக அமர்ந்து கேட்டு எழுதிக்கொண்டார்கள். இந்த ஒழுங்கு மிக முக்கியமானது. நான்கு பேர் கூடிய இடத்தில் முதலில் குரலை உயர்த்திப் பேசுகிறவரின் கருத்தே அடுத்த மூவரின் கருத்தாகிவிடும். அவர் ஊர்ப் பெரியவராக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். தாளில் பெயர் எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிட்டோம். கேட்டவை நான்கே கேள்விகள். கதை என்ன, எங்கே குழப்பம் வந்தது, எங்கே நேரம் போகாமல் இருந்தது, எந்தக் காட்சி மனதில் நின்றது. பிடித்திருக்கிறதா என்று கேட்கவே இல்லை.

தாள்களைப் படித்தபோது வெளிவந்த முதல் செய்தி மிக எளியது. ஆனால் படத்தை அதுவே கொன்றுகொண்டிருந்தது. தறியை விற்க முதியவர் ஒப்புக்கொள்ளும் வரி பாதிப் பேருக்கு மேல் காதில் விழவே இல்லை. பக்கத்துத் தறிகள் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் எடுத்த காட்சி அது. எடுத்த குழுவில் இருந்த ஆறு பேருக்கும் அந்த வரி தெளிவாகக் கேட்டது, ஏனென்றால் அந்த வரி அவர்களுக்கு மனப்பாடம். தெரிந்த சொல்லைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். எத்தனை முறை எடிட்டிங் அறையில் அமர்ந்து பார்த்தாலும் எடுத்தவருக்கு இந்தக் குறை பிடிபடாது. அதைக் கண்டுபிடிக்க முதன்முறை கேட்கும் காது தேவை. அந்த உரையாடலை வீட்டு வாசலுக்கு மாற்றி, விடியற்காலையில் தெரு அடங்கியிருந்தபோது மறுபடி எடுத்தார்கள்.

இரண்டாவது, நெசவாளர்கள் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்று. ஒரு ஷாட்டில் தறியில் இருந்த வேட்டிக்கு ஒரு கரை, அடுத்த ஷாட்டில் வேறு கரை. படப்பிடிப்பு இரண்டு நாள் நடந்ததால், இடையில் அண்ணன் ஒரு வேட்டியை முடித்து அடுத்ததைத் தொடங்கிவிட்டார். கேமராவின் பின்னால் இருந்த ஒருவருக்கும் அது தெரியவில்லை. மாடியில் இருந்த ஐந்து தறிக்காரர்கள் தனித்தனியே அதையே குறிப்பிட்டிருந்தார்கள். ஒருவர், அதைப் பார்த்த பிறகு கதையில் மனம் செல்லவில்லை என்றே எழுதியிருந்தார். நாம் யாருடைய வாழ்க்கையைப் படமாக எடுக்கிறோமோ அவர்கள் முன்னிலையில் அதை முதலில் போட்டுக் காட்டுவது மரியாதை மட்டுமன்று, படத்துக்குப் பாதுகாப்பும் ஆகும். கொலுசுப் பட்டறையைப் பற்றி எடுப்பவர் சிவதாபுரத்திலும், ஜவ்வரிசி ஆலையைப் பற்றி எடுப்பவர் அங்கு மாவு காயவைக்கும் பெண்களிடத்திலும் முதலில் காட்டட்டும்.

மூன்றாவது செய்திதான் படத்தையே மாற்றியது. இறுதிக் காட்சியில் பேத்தி ஒரு வயலின் இசையை வைத்திருந்தாள். பாவு ஓட்டும் ஒரு மூதாட்டி தாளில் எதுவும் எழுதவில்லை. தோழி ஒருத்தி பக்கத்தில் அமர்ந்து கேட்டபோது அவர் சொன்னது இது: "ஏன் கண்ணு, தறி நின்னு போன வீட்டுல பாட்டு எப்படிக் கேக்கும்? எங்களுக்கெல்லாம் பக்கத்து வீட்டுத் தறி நின்னாலே தூக்கம் முழிச்சுக்கும்." பேத்தி அன்றிரவு முழுவதும் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் எழுதிய கதையே சத்தம் நின்றுபோவதைப் பற்றியது. அந்த அமைதியை அவளே இசையால் மூடியிருந்தாள். அதோடு, நின்றுபோவது உறைக்க வேண்டுமானால் முதலில் அது ஓடியிருக்க வேண்டும் அல்லவா? முதல் பதிப்பில் தறியைக் காட்டும் காட்சிகளில் மட்டுமே தறிச் சத்தம் இருந்தது. திருத்திய பதிப்பில், சாப்பிடும்போதும் படிக்கும்போதும் உறங்கும்போதும் சுவருக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டே இருக்கும்படி வைத்தாள். இறுதிக் காட்சியில் இசையை எடுத்துவிட்டாள். ஒரு சொல்லும் இல்லை, ஒரு சுரமும் இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இறுதிக் காட்சி விளங்கவில்லை என்று எழுதிய பலர், அதற்கு வழியும் எழுதியிருந்தார்கள். "தாத்தா தறியை வித்துட்டார்" என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரரைக் கொண்டு சொல்லவைத்துவிடலாம் என்பது அவர்களின் யோசனை. குறை உண்மை, யோசனை தவறு. அதை அப்படியே ஏற்றிருந்தால் கதை விளங்கியிருக்கும், நெஞ்சில் தைத்திருக்காது. புடவை உடம்பில் உறுத்துகிறது என்று கட்டுகிறவர் சொல்வார். உறுத்துவது சரிகையா, கஞ்சியா, நூலின் முறுக்கா என்று தறிக்காரர்தான் கண்டறிய வேண்டும். பார்வையாளரின் சொல்லைக் கேட்பது என்றால் அவர்களின் கட்டளைக்குப் பணிவது என்று சில ஆசிரியர்களும் மாணவர்களும் அஞ்சுகிறார்கள். அப்படி அஞ்சியே யாருக்கும் காட்டாமல் இருந்துவிடுகிறார்கள். பார்வையாளர் காட்டுவது இடத்தை மட்டுமே. அங்கே என்ன செய்வது என்ற உரிமை இயக்குநரைவிட்டுப் போவதே இல்லை.

அவள் ஏற்க மறுத்ததும் உண்டு. முடிவில் தறி திரும்பக் கிடைத்துவிட வேண்டும், யாராவது உதவி செய்துவிட வேண்டும் என்று ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். அவள் அதைத் தொடவில்லை. அந்த ஒன்பது பேருக்கும் கதை முழுமையாக விளங்கியிருந்தது. முதியவர் மீது அவர்களுக்கு அன்பு வந்துவிட்டதால்தான் தறியைத் திருப்பித் தரச் சொன்னார்கள். அது படத்தின் வெற்றி, குறை அல்ல. குழப்பத்தால் வரும் புகாரையும் பாசத்தால் வரும் வேண்டுகோளையும் பிரித்தறிவதுதான் இந்த வேலையிலேயே மிகக் கடினமான பகுதி. அதற்காகத்தான், திரையிட்ட அன்றே எடிட்டிங்கில் கை வைக்காமல் இரண்டு நாள் பொறுத்துவிட்டுத் தாள்களை மறுபடி படிக்கச் சொன்னேன். முதல் நாள் ஒவ்வொரு சொல்லும் சுடும். மூன்றாம் நாள் எந்தச் சொல் பலரால் திரும்பச் சொல்லப்பட்டது என்பது தெரியும். ஒருவருக்கு மட்டும் தோன்றியதை யோசித்துப் பார்க்கலாம். ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாத எட்டுப் பேருக்கு ஒரே நிமிடத்தில் தோன்றியதை ஒதுக்க முடியாது.

அப்படி ஒதுக்க முடியாமல் போனது மூக்கனேரிக் காட்சி. கன்னங்குறிச்சியில் உள்ள அந்த ஏரியில் மாலைச் சூரியன் இறங்குவதையும் பறவைகள் தீவுத் திட்டுகளுக்குத் திரும்புவதையும் நாற்பது நொடி எடுத்திருந்தாள். அதற்காக ஆறு மாலைகள் அங்கே போய்க் காத்திருந்தவள் அவள். படத்தில் மிக அழகான காட்சி அதுதான். ஆனால் என் குறிப்பேட்டில் அந்த நாற்பது நொடிக்குள் பதினோரு தலைகள் திரும்பியிருந்தன. காட்சி அழகாக இருந்தது, கதை அங்கே நின்றுபோயிருந்தது. எட்டு நொடியாகக் குறைத்தாள். இப்படிப் பல இடங்களில் குறைத்துப் படம் 11 நிமிடத்துக்கு வந்தது. என் கணக்கில் ஓர் ஆயிரம் அடிச் சுருள்.

திருத்திய படத்தைப் பழைய 23 பேருக்கே மறுபடி காட்டிப் பயனில்லை. ஒரு படத்தை முதன்முறையாகப் பார்க்கும் கண் ஒருவருக்கு ஒரு முறைதான் கிடைக்கும். அதோடு எனக்கு இன்னோர் ஐயமும் இருந்தது. அம்மாப்பேட்டையில் குழியைப் பார்த்ததும் தறி என்று தெரியும். தறியையே பார்க்காத ஊரில் என்ன ஆகும்? என் உறவினர் ஒருவர் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதுகிறார். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஒரு ஞாயிறு மாலை அங்குள்ள தொழிலாளர் குடியிருப்பில் பதினைந்து பேருக்குப் போட்டோம். இம்முறை சத்தம் நின்றது எல்லோருக்கும் உறைத்தது. கூட்டமே உறைந்துபோனதை நான் கண்டேன். ஆனால் படம் முடிந்ததும் மிளகு பறிக்கும் ஓர் அம்மா கேட்டார்: "அந்தக் குழி எதுக்குங்க? பெரியவரை அதுல அடக்கம் பண்ணப் போறாங்களா?"

கல்லூரியில் அந்த மாணவர் தாத்தா இறந்துவிட்டார் என்று சொன்னதற்கும் காரணம் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ரஷ்யாவில் லெவ் குலேஷோவ் என்னும் இயக்குநர் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் செய்து காட்டிய சோதனையைப் பேத்தி பாடத்தில் படித்திருந்தாள். உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்தை அடுத்து ஒட்டினால் பசி என்றும், சவப்பெட்டியை அடுத்து ஒட்டினால் துக்கம் என்றும் பார்வையாளர் தாமே பொருள் கொண்டார்கள் என்பது அது. துயரமான ஒரு பெண்ணின் முகம், அடுத்து மண்ணில் ஒரு குழி. தறியை அறியாதவர் அதைச் சவக்குழி என்று கொள்ளாமல் வேறு எப்படிக் கொள்வார்? தேர்வுக்காக எழுதி மதிப்பெண் வாங்கிய பாடம், ஏற்காட்டு அம்மா கேட்ட பிறகுதான் அவளுக்குள் இறங்கியது. படத்தின் இரண்டாவது நிமிடத்தில், முதியவரின் கால்கள் குழிக்குள் மிதிகட்டைகளை மாறி மாறி மிதிக்கும் ஷாட் ஒன்றை ஐந்து நொடி சேர்த்தாள். அவ்வளவுதான். அதன் பிறகு பார்த்தவர்களில் ஒருவருக்கும் அந்தக் குழி ஐயமாக இருக்கவில்லை.

இது நானோ என் பேத்தியோ கண்டுபிடித்த முறை அன்று. 1920-களில் அமெரிக்காவின் பேசாப் பட நகைச்சுவை நடிகர் ஹெரால்டு லாயிட், தம் படங்களை வெளியீட்டுக்கு முன்பே பொதுமக்களுக்குத் திரையிட்டு, சிரிப்பு எழாத இடங்களை மாற்றி எடுத்தார். நம்மிடமோ இது அதைவிடப் பழையது. நூல் எழுதியவர் அவையில் அரங்கேற்றி, அங்கு எழும் தடைகளுக்கு விடை சொன்ன பிறகே அது நூலாக ஏற்கப்பட்ட மரபு நம்முடையது. சேலம், தருமபுரிப் பக்கத்துத் தெருக்கூத்தில் இரவு இரண்டு மணிக்குக் கூட்டம் கண் அயர்வதைக் கண்டால் கோமாளியான கட்டியக்காரன் உள்ளே வந்து உலுக்கிவிட்டுப் போவான். கூத்தை நடத்துகிறவருக்கு ஒரு கண் எப்போதும் பாயில் அமர்ந்திருப்பவர் மீதே இருக்கும். கூத்துக்காரருக்கு அதே இரவில் திருத்திக்கொள்ள வழியுண்டு. படம் எடுப்பவருக்கு அந்த வழி முடிப்பதற்கு முன்பு மட்டுமே உண்டு.

ஏற்காடு சாலையில் டி.ஆர்.சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படநிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது இந்த ஊரில்தான். 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும் படமும், 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமும் சேலத்திலிருந்து போயின. அந்தப் பெருமையை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். படம் பார்ப்பதில் தேர்ந்த இத்தனை கண்கள் இந்த ஊரில் இருக்கும்போது, நம் பிள்ளைகள் தங்கள் படத்தை வகுப்புத் தோழர்களுக்கு மட்டும் காட்டிவிட்டு அனுப்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள்கள். குறும்படத்தைப் பாடமாக வைத்துள்ள கல்லூரிகள், ஒப்படைக்கும் நாளுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பு ரஃப் கட்டை வெளியாருக்குத் திரையிடும் நாள் ஒன்றைக் கால அட்டவணையிலேயே குறிக்க வேண்டும். முதல் பதிப்பு, பார்வையாளர் சொன்னவை, அவற்றில் எதை ஏற்று எதை மறுத்தார், ஏன் மறுத்தார் என்ற குறிப்பு ஆகியவற்றுக்கும் மதிப்பெண் தர வேண்டும். மறுத்ததற்கான காரணத்தைக் கேட்பது அவசியம். அது இல்லாவிட்டால் மாணவர்கள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டதாக எழுதி மதிப்பெண் வாங்கப் பார்ப்பார்கள். போட்டி நடத்துவோர் தலைப்பை அறிவித்த பத்தே நாளில் படம் கேட்பதை விட்டுவிட வேண்டும். திரையரங்க உரிமையாளர்களுக்கு என் பழைய உரிமையில் ஒரு வேண்டுகோள்: காலைக் காட்சிக்கு முன்பு அரங்கு வெறுமையாகக் கிடக்கும் ஒரு மணி நேரத்தை மாதம் ஒரு முறை மாணவர்களுக்குக் கொடுங்கள். மடிக்கணினியில் கேட்காத ஒலிக் குறைகள் அரங்கின் ஒலிபெருக்கியில் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் நாளிதழின் சேலம் பக்கத்தில் "இன்றைய நிகழ்ச்சிகள்" என்ற பகுதியில் கோயில் விழாக்களும் சொற்பொழிவுகளும் இலவச மருத்துவ முகாம்களும் இடம்பெறுகின்றன. முடிவடையாத மாணவர் குறும்படத் திரையிடல்களுக்கும் அதில் இரண்டு வரி இடம் தந்தால், நகரின் குகை, செவ்வாய்ப்பேட்டை, சூரமங்கலம் பகுதிகளிலிருந்து முன்பின் அறியாத பத்துப் பேர் வருவார்கள். அந்தப் பத்துப் பேர்தான் மாணவர்களுக்குத் தேவை.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நாற்பது பேர் அமரலாம். மழையில்லாத எந்த ஞாயிறு மாலையும் எந்தக் கல்லூரி மாணவரும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வேட்டித் திரை, பாய்கள், தேநீர் ஆகியவை என் பொறுப்பு. படிக்கட்டில் குறிப்பேட்டோடு நான் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற திரையரங்க ஆபரேட்டர்,
அம்மாப்பேட்டை, சேலம்.